அலமாரியை விட்டு இறங்கும் புத்தகங்கள்: ஆஸ்திரேலிய நூலகங்களில் 14 நாள்

மே 9, 2024, வியாழன் – அடிலெய்டு

நார்த் டெரஸ் சாலையில் இன்று கழுத்தில் அடையாள அட்டை தொங்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆஸ்திரேலிய நூலக, தகவல் சங்கத்தின் தேசிய மாநாடு இன்றோடு முடிகிறது. சங்கத்தை எல்லோரும் ‘ஆலியா’ என்றே சொல்கிறார்கள். 1937-இல் தொடங்கி, 1989-இல் இந்தப் பெயருக்கு வந்த அமைப்பு. மாநாட்டுக்கு வைத்திருக்கும் தலைப்பு ‘ட்ரூத் அண்ட் டேர்’, உண்மையும் துணிவும்.

அரங்கத்துக்கு வெளியே ஐந்து டாலர் காபிக்கு (நம் கணக்கில் 275 ரூபாய்) வரிசையில் நின்றால் காதில் விழுவது வேறு பேச்சு. சிட்னியின் மேற்கில் கம்பர்லண்ட் என்றொரு நகர மன்றம். அதன் கீழ் எட்டு நூலகங்கள். ஒரே பாலினப் பெற்றோர் பற்றிய புத்தகங்களை அவற்றிலிருந்து அகற்றச் சொல்லி, மே 1-ஆம் தேதி கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆதரவு 6, எதிர்ப்பு 5. ஆலியா எதிர்த்து அறிக்கை விட்டாயிற்று. 15-ஆம் தேதி மன்றம் மறுபடி கூடுகிறது. சிட்னிக்கு வைத்திருந்த தேதிகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன்.

மாநில நூலகத்தின் மார்ட்லாக் கூடம் 1884-இல் திறந்தது. கண்ணாடிக் கூரை, இரண்டு அடுக்கு மாடங்கள், இரும்பு வேலைப்பாட்டுக் கைப்பிடிகள். படமெடுக்க வருகிறவர்கள் அதிகம், படிக்க வருகிறவர்கள் குறைவு என்பது என் கணிப்பு. அங்கே ஒரு மூலையில் மனிதர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைபேசியை மின்னிணைப்பில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஊழியர் பக்கத்தில் வந்தார். எழுப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூச்சு சீராக இருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மே 10, வெள்ளி – அடிலெய்டு

காலையில் சென்ட்ரல் மார்க்கெட். 1869-இலிருந்து நடக்கிற சந்தை. ஞாயிறும் திங்களும் மூடிவிடுவார்கள், வருகிறவர்கள் கவனிக்க. மழை வாசனையே இல்லாத வறண்ட இலையுதிர் காலம், பழமெல்லாம் நல்ல இனிப்பு. ‘பை ஃப்ளோட்டர்’ என்று இந்த ஊருக்கே உரிய பண்டம் ஒன்று உண்டு. கெட்டியான பட்டாணிக் குழம்பில் ‘பை’ எனப்படும், இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைக் கவிழ்த்து, மேலே தக்காளிச் சாஸ் ஊற்றித் தருவார்கள். பட்டாணி வரைக்கும் சரி.

தென் ஆஸ்திரேலியாவில் நான் பார்க்க வந்தது ‘ஒன் கார்டு’ ஏற்பாட்டை. 2012-இல் தொடங்கிப் படிப்படியாக மாநிலத்தின் பொது நூலகங்கள் அத்தனையையும் ஒரே பட்டியலில், ஒரே உறுப்பினர் அட்டையில் இணைத்தார்கள். 130-க்கும் மேற்பட்ட கிளைகள். பாலைவன ஓரத்து ஊரில் எடுத்த புத்தகத்தை அடிலெய்டு கடற்கரையில் திருப்பிப் போடலாம். நம்மூரில் கிளை நூலகத்தில் எடுத்ததை மாவட்ட மைய நூலகத்தில் கொடுக்கப் போனால் கிடைக்கும் வரவேற்பு எல்லோருக்கும் தெரியும்.

இதன் சூட்சுமம் பின்கட்டில் இருக்கிறது. சுவரில் உள்ள திறப்பு வழியாகப் போட்ட புத்தகம் ஒரு பட்டையில் நகர்ந்து போகும். அடியில் இருக்கிற படிப்பான், பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி ஒட்டியை, அதாவது ரேடியோ அலையால் அடையாளம் சொல்லும் சில்லை, படிக்கும். அலைவரிசை 13.56 மெகாஹெர்ட்ஸ். யாராவது முன்பதிவு செய்திருந்தால் ஒரு தொட்டி, வேறு கிளைக்குப் போவதென்றால் இன்னொன்று, மீதி இங்கேயே அடுக்க. கூரியர் வண்டி வந்து பெட்டிகளை அள்ளிக்கொண்டு போகும். தொட்டியின் அடித்தட்டு சுருள்வில் மேல் நிற்கிறது. புத்தகம் விழ விழத் தட்டு கீழே இறங்கும். இந்த வில் தளர்ந்துபோனால் புத்தகங்கள் ஒரு மீட்டர் ஆழத்தில் குப்புற விழுந்து முதுகு உடையும். புது நாவல்களின் கட்டு பிரிவதற்கு வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது என்று சிரித்தார் அங்கிருந்தவர்.

இயந்திரம் தோற்கிற இடங்கள் மூன்றைக் காட்டினார். பளபளக்கும் உலோகப் பூச்சு அட்டை என்றால் அலை உள்ளே போகாது. டிவிடி வட்டில் உள்ள அலுமினியப் படலமும் அதே வேலையைச் செய்யும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை குழந்தைகளின் படப் புத்தகம். அத்தனை ஒல்லி என்பதால், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிகள் நேருக்கு நேர் வந்து ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஒன்றுதான் பதிவாகும். அதற்காகவே ஒட்டும்போது ஒன்றை மேலே, அடுத்ததை நடுவில், மூன்றாவதைக் கீழே என்று இடம் மாற்றி ஒட்டுகிறார்கள். அவசரத்தில் ஒட்டப்பட்ட பழைய சேகரத்தில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அங்கேதான் ‘திருப்பிக் கொடுத்தேன்’, ‘இல்லை, வரவில்லை’ என்ற சண்டை ஆரம்பம்.

மே 11, சனி – இரவுப் பேருந்து

மெல்போர்னுக்கு ஏறத்தாழ 730 கிலோமீட்டர், இரவுப் பேருந்து. எல்லை தாண்டும் இடத்துக்கு அருகில் எங்கோ நிறுத்தினார்கள். நான் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். ஏறி வந்தவர்களின் சத்தத்தில் விழித்தால், ஆளாளுக்குக் கைபேசியில் படம் காட்டிக்கொள்கிறார்கள். தெற்கு வானம் முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையும். சூரியப் புயலால் வந்த தென்துருவ ஒளி, இத்தனை வடக்கே, இத்தனை பிரகாசமாக. பக்கத்து இருக்கைப் பெண்மணி தன் படத்தை எனக்கு அனுப்பி வைத்தார். “நோ வொரிஸ்” என்றும் சொன்னார். வொரி எனக்கு இருந்தது.

மே 12, ஞாயிறு – மெல்போர்ன்

காலை ஆறு மணிக்கு இறக்கிவிட்டார்கள், நூலகம் திறப்பது பத்துக்கு. நடுங்கிக்கொண்டே நடந்தேன். தெருவெங்கும் சாமந்திக் கொத்து. இங்கே இன்று அன்னையர் தினம், மே மாதத்தில் பூப்பது சாமந்தி என்பதால் அம்மாவுக்குச் சாமந்தி கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மாலையாகக் கட்டாமல் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள்.

விக்டோரியா மாநில நூலகம் 1856-இல் திறந்தது. நிறுவியவர் ரெட்மண்ட் பாரி. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம், கை சுத்தமாக இருந்தால் போதும் என்பது அவர் காலத்து விதி. அந்தக் காலத்தில் பணமும் சிபாரிசுக் கடிதமும் கேட்ட நூலகங்களோடு ஒப்பிட்டால் இது புரட்சி. குவிமாட வாசிப்பறை 1913-இல் வந்தது. விட்டம் ஏறத்தாழ 35 மீட்டர், வலுவூட்டிய கான்கிரீட். நடுவில் உயர்ந்த மேடை, அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மேசை வரிசைகள். மேடையில் உட்கார்ந்த மேற்பார்வையாளர் கண்ணுக்கு எல்லா வாசகரும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. கூரைக் கண்ணாடி ஒழுகத் தொடங்கவே 1959-இல் செப்புத் தகட்டால் மூடினார்கள். 2003-இல்தான் மறுபடி வெளிச்சம் வந்தது. இடைப்பட்ட 44 ஆண்டு இங்கே படித்தவர்கள் விளக்கொளியில் படித்தவர்கள்.

இதே நூலகம் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் செய்தியில் அடிபட்டது. பதின்ம வயதினருக்கான எழுத்துப் பட்டறைகளைத் திடீரென்று தள்ளிவைத்தது. நடத்தவிருந்த எழுத்தாளர்களில் சிலர் பாலஸ்தீன ஆதரவாகப் பேசியதுதான் காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பாதுகாப்பு பற்றிய மறு ஆய்வு என்றது நிர்வாகம். எதிர்த்து ஊழியர்களே கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். போன ஆண்டு இதே மே மாதம் மெல்போர்னின் ஓக்லி நூலகத்தில், பெண் வேடமிடும் ‘டிராக்’ கலைஞர் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கவிருந்த நிகழ்ச்சியை மிரட்டல்களுக்குப் பயந்து மன்றம் ரத்து செய்தது. அலமாரியில் கை வைக்கும் முன் நிகழ்ச்சியில் கை வைப்பது எளிது. நிகழ்ச்சிக்குப் பட்டியல் எண் கிடையாது, காணாமல் போனால் தேட முடியாது.

பிற்பகலில் குயின் விக்டோரியா மார்க்கெட். வண்டியில் போட்டுத் தரும் சூடான ஜாம் டோனட், முதல் கடியில் ஜாம் நாக்கைச் சுடும், எச்சரிக்கை. பக்கத்திலேயே ‘நார்ம் நார்கு’ நூலகம், 2023 அக்டோபரில் திறந்தது. வொய்வுரங் மொழியில் நார்ம் என்றால் மெல்போர்ன், நார்கு என்றால் அறிவு.

மே 14, செவ்வாய் – சிட்னி

நாளைய கூட்டத்துக்கு முன், முறையாக ஒரு புத்தகம் அலமாரியை விட்டு எப்படி இறங்குகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு புறநகர் நூலகத்தில் அனுமதித்தார்கள். இதை வீடிங் என்கிறார்கள், களையெடுப்பு. தமிழ்நாட்டில் ‘கழிவு செய்தல்’ என்போம். கணக்குத் தணிக்கைப் பயத்தில் நாம் ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலை.

முதலில் கணினியிலிருந்து ஒரு பட்டியல்: மூன்று ஆண்டாக யாரும் எடுக்காதவை. இதை வைத்து நேராகக் கழித்துவிடக் கூடாது. தள்ளுவண்டியோடு அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அளவுகோல் ‘மஸ்டி’ என்ற ஆங்கில ஆறெழுத்துச் சுருக்கம், எழுத்துக்கு ஒரு கேள்வி. தகவல் தவறாகிவிட்டதா, கிழிந்து அழுக்கேறிவிட்டதா, புதுப் பதிப்பு வந்துவிட்டதா, அற்பமானதா, இந்த ஊருக்குப் பொருந்தாததா, வேறெங்காவது எளிதாகக் கிடைக்குமா. துறைக்குத் துறை கெடு மாறும். கணினி நூலுக்கு மூன்று ஆண்டு, மருத்துவத்துக்கு ஐந்து. கவிதைக்கும் உள்ளூர் வரலாற்றுக்கும் கெடு கிடையாது. பிறகு நாடு முழுமைக்குமான பட்டியலில் பார்க்க வேண்டும். வேறு நூலகத்தில் பிரதி இல்லையென்றால் வண்டியில் ஏறாது. கடைசியில் ‘நீக்கப்பட்டது’ முத்திரை, பட்டியலிலிருந்து பதிவை எடுப்பது, ஒட்டியைச் செயலிழக்கச் செய்வது. இந்தக் கடைசிப் படியை மறந்தால், விற்பனை மேசையில் ஒரு டாலர் கொடுத்து வாங்கியவர் வெளியேறும்போது வாசல் அலறும்.

தவறு நடப்பது எங்கே? நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டு மேசையில் விட்டுப் போன புத்தகம் கணக்கில் ஏறாது. ஆட்கள் தினம் புரட்டுகிற மருத்துவ அகராதி, கணினிக்குத் தூங்கும் புத்தகம். அதற்காக மேசையில் கிடப்பதையும் கையடக்கக் கருவியால் ஒருமுறை தொட்டுப் பதிவு செய்துவிட்டுத்தான் அடுக்குகிறார்கள். தொடர் நாவலின் இரண்டாம் பாகம் மட்டும் கழிந்துபோவது இன்னொன்று.

மூன்றாவது நம் பிரச்சினை. தமிழ்ப் புத்தகங்கள் இங்கே பட்டியலில் ரோமன் எழுத்தில் ஏறுகின்றன. ‘வாழ்க்கை’ என்று தேட நாமெல்லாம் இசட்-எச் போட்டுத்தானே தட்டுவோம்? நூலகர்களின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ழ என்பது எல் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. ற, ன இரண்டுக்கும் அப்படியே அடிக்கோடு. ஆக, புத்தகம் அலமாரியில் இருக்கும், தேடினால் வராது, வராததால் யாரும் எடுக்கமாட்டார்கள், எடுக்காததால் மூன்றாம் ஆண்டு பட்டியலில் வந்து நிற்கும். பட்டியல் பதிவில் மூல மொழி எழுத்துக்கென்றே இருக்கும் 880-ஆம் புலத்தில் தமிழ் எழுத்திலேயே தலைப்பை ஏற்றினால் தீரும் விஷயம். ஏற்றத் தமிழ் தெரிந்த கை வேண்டும். கழிப்பதற்கு முன் முதுகில் தமிழில் பெயர் இருக்கிறதா, பதிவில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதையும் அளவுகோலில் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக்கொண்டார்கள்.

மே 15, புதன் – வென்ட்வொர்த்வில், மெரிலாண்ட்ஸ்

வென்ட்வொர்த்வில் ரயில் நிலையத்தில் இறங்கியதும் கருவேப்பிலைத் தாளிப்பு மூக்கில் ஏறியது. மசால் தோசை 15 டாலர். சாம்பாரில் கொஞ்சம் இனிப்பு, மன்னிக்கலாம். கொத்து ரொட்டித் தட்டும் சத்தம் பக்கத்துக் கடையில். இதுவும் கம்பர்லண்ட் மன்றத்தின் எல்லைதான். ஊர் நூலகமும் அந்த எட்டில் ஒன்று.

நூலகத்தில் தமிழ் நாளிதழைத் தேடி வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “தம்பி எந்த ஊர்?” என்றார். சொன்னேன். “இஞ்சை புத்தகத்தை எடுக்கச் சொல்லி ஓட்டுப் போட்டவை எண்டு மகள் சொன்னவ. அது என்ன புத்தகம் எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. விருப்பமும் இல்லை.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நான் யாழ்ப்பாண நூலகத்திலை படிச்சனான்,” என்றார். 1981 ஜூன் முதல் நாள் எரிந்த நூலகம் அது, ஏறத்தாழ 97,000 நூல்கள். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, தாளைத் திருப்பினார்.

மெரிலாண்ட்ஸுக்கு டி5 ரயிலில் நேராகப் போகலாம். அரை மணிக்கு ஒன்றுதான். ஒன்றை விட்டேன், அரை மணி நேரம் குளிரில் நின்றேன்.

மன்றக் கட்டடத்துக்கு வெளியே இரண்டு கூட்டம். வானவில் கொடி ஒரு பக்கம், ஜெபமும் பதாகையும் மறுபக்கம், நடுவில் போலீஸ். உள்ளே பல மணி நேரம். கடைசியில் 13-க்கு 2 என்ற கணக்கில் மே 1 முடிவு ரத்தானது.

ஊடகத்தில் இதைக் கோஷங்களின் வெற்றியாகக் காட்டுவார்கள். வெளியே நின்றவர்களின் பங்கைக் குறைக்கவில்லை. ஆனால் நியூ சவுத் வேல்ஸின் நூலகச் சட்டம் 1939-ஆம் ஆண்டுடையது. பொது நூலகச் செலவில் பெரும்பங்கு மன்றங்களுடையது என்றாலும், சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் மன்றத்துக்கு மாநிலம் தலைக்கு 2.85 டாலர் தருகிறது. 2021 கணக்கெடுப்பில் கம்பர்லண்டின் மக்கள்தொகை 2,35,439. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 6.7 லட்சம் டாலர். தடையால் இந்த நிதிக்கு ஆபத்து வரலாம் என்று மாநிலக் கலை அமைச்சர் முதல் வாரத்திலேயே எச்சரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் 6 ஆக இருந்தது 2 ஆகக் கரைந்ததற்கு மனமாற்றம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் நம் நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டுடையது, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தோடு இப்படியொரு நிபந்தனைக் கயிறு கட்டியிருந்தால் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மே 16, வியாழன் – சிட்னி

வாசகர் ஒரு புத்தகத்தை ஆட்சேபித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இங்குள்ள நூலகங்களில் எழுதி வைத்த நடைமுறை உண்டு. நேற்றைய கூச்சலில் அது யார் வாயிலும் வரவில்லை. படிவம் ஒரு பக்கம்தான். முழுதும் படித்தீர்களா, எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம், என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். பெயரும் முகவரியும் கட்டாயம். பிறகு இரண்டு மூன்று நூலகர்கள் புத்தகத்தை முழுக்கப் படித்து, சேகரக் கொள்கையின் எந்தப் பிரிவில் அது வாங்கப்பட்டது என்று பார்த்து, எழுத்தில் பதில் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் நூலக மேலாளரிடம் மேல்முறையீடு. அதில் ஒரு வரிதான் உயிர்: பரிசீலனை முடியும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். கம்பர்லண்டில் ஓட்டையானது இந்த இடம். படிவத்தைத் தாண்டி, மன்றக் கூட்டத்தில் நேரடித் திருத்தமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். கொள்கை நூலகரைக் கட்டுப்படுத்துகிறது, மன்ற உறுப்பினரைக் கட்டுப்படுத்தவில்லை.

குவீன்ஸ்லாந்தின் லோகன் நூலகத்தில் இருந்த ஒரு சித்திர நினைவுக்குறிப்பு நூல் மேல் இதைவிட நீண்ட வழக்கு ஓடியது. தேசிய வகைப்பாட்டு வாரியம் 2023-இல் அதைத் தடையில்லா நூல் என்று சொல்லிவிட்டது, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை என்ற குறிப்போடு. ஆட்சேபித்தவர் நீதிமன்றம் போனார்.

மே 17, வெள்ளி – சிட்னி

மிச்சல் நூலகத்தின் வெளிச்சுவரில், கடலோடி ஃபிளிண்டர்ஸின் சிலைக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் அவருடைய பூனை ட்ரிம்முக்கும் ஒரு சிலை. சிலைக்குக் கூட்டமில்லை, பூனைக்கு இருக்கிறது.

இன்றைய பாடம் மின்நூல். அலமாரியே இல்லாத புத்தகமும் இறங்கும். பல பதிப்பகங்கள் நூலகத்துக்கு விற்பதில்லை, உரிமம்தான் தருகின்றன. ஒரு பிரதிக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர். இரண்டு ஆண்டு ஆனதும், அல்லது 26 முறை இரவல் போனதும் உரிமம் காலாவதி. மறுபடி காசு கட்டவில்லையென்றால் தலைப்பு காணாமல் போகும். யாரும் ஓட்டுப் போட வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம். மாதக் கடைசியில் காலாவதிப் பட்டியலைப் பார்க்க மறந்தால், தொடரின் மூன்றாம் பாகத்துக்குக் காத்திருக்கும் நாற்பது பேர் வரிசை அந்தரத்தில் நிற்கும். எழுத்தாளர் பக்கம் ஒரு நல்ல செய்தி: நூலக இரவலுக்காக அரசு எழுத்தாளருக்குத் தரும் ஈட்டுத்தொகை 2023-24 முதல் மின்நூலுக்கும் ஒலிநூலுக்கும் உண்டு. நான்கு ஆண்டுக்கு 1.29 கோடி டாலர்.

மே 20, திங்கள் – கான்பரா

விடுதி அறையில் ஹீட்டர் ஓடவில்லை. வெளியே புல்லில் உறைபனி, ஏரி மேல் மூடுபனி. பேருந்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள், பள்ளிப் பையன்கள்கூட. மூன்றாவது நாளிலிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது. கோயம்பேட்டில் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தேசிய நூலகம் 1968 ஆகஸ்ட் 15-இல் திறந்தது. சுற்றிலும் 44 தூண்கள், முகப்புக் கூடத்தில் லியோனார்ட் ஃபிரெஞ்சின் வண்ணக் கண்ணாடிகள். காலை வெயிலில் சிவப்பும் நீலமும் தரையில் கொட்டிக் கிடக்கும். நாட்டில் வெளியாகும் எந்த நூலுக்கும், சிட்னியில் ஒருவர் சொந்தக் காசில் போட்ட தமிழ்க் கவிதைத் தொகுப்பு உட்பட, ஒரு மாதத்துக்குள் ஒரு பிரதி இங்கே வந்தாக வேண்டும். மின்நூலென்றால் 2019 முதல் இணைய வழியிலேயே ஏற்றலாம். இங்கே வந்தது இறங்காது. மெல்போர்ன், சிட்னி நண்பர்களே, உங்கள் புத்தகத்தை அனுப்பினீர்களா?

பழைய நாளிதழ்களைத் தேடிப் படிக்கிற ‘ட்ரோவ்’ என்ற எண்மத் தளத்தின் வீடு இதுதான். 2009-இல் வந்தது, யாரும் எங்கிருந்தும் இலவசமாகத் தேடலாம். 2023 ஜூனோடு பணம் தீர்கிறது, மூட நேரலாம் என்று பேச்சு வந்தபோது வரலாற்றாய்வாளர்கள் மட்டுமல்ல, குடும்ப மரம் தேடும் பாட்டிகளும் கொதித்தார்கள். அந்த ஏப்ரலில் நான்கு ஆண்டுக்கு 3.3 கோடி டாலர், அதற்குப் பின் ஆண்டுதோறும் 92 லட்சம் என்று அரசு இறங்கி வந்தது.

பேருந்தில் தூங்கிக் கோட்டைவிட்ட வானத்தை அதில் தேடினேன். 1859 செப்டம்பர் தொடக்கத்திலும் இதுபோல ஒரு சூரியப் புயல். அந்த வார நாளிதழ்களைத் திறந்தால், இரவு வானம் தீப்பற்றியதுபோல் சிவந்ததைப் பற்றி ஊருக்கு ஊர் குறிப்பு. ஆனால் துருவ ஒளிக்கான ‘அரோரா’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடியதில் பாதி வரவில்லை. காரணம், இயந்திரம் படித்த எழுத்து. ஈய அச்சின் மை பரவிய இடத்தில் ‘யூ’ (u) எழுத்தை ‘என்’ (n) எழுத்தாகப் படித்து ‘அன்ரோரா’ ஆக்கியிருந்தது. திருத்துவது எளிது. கட்டுரையைத் திறந்து இடப்பக்கம் ‘உரையைத் திருத்து’ பொத்தான். வரிக்கு வரி பெட்டி வரும், வலப்பக்கம் அச்சுப் படம். அச்சில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடிக்க வேண்டும், சேர்த்து எழுதக் கூடாது. படத்தில் அந்தச் சொல் இருக்கிற இடத்தைத் தேடல் காட்டுவது வரியை வைத்துத்தான். அக்கால எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது, அச்சில் உள்ளபடியே. பத்து வரி திருத்தினேன். பெரும்பாலான இதழ்கள் 1954-ஓடு நிற்கும், காப்புரிமைக் கணக்கு.

மே 21, செவ்வாய் – கான்பரா

மே மாதம் முழுவதும் இங்கே நூலகம், காப்பகம், அருங்காட்சியகங்களில் ‘மேடே’ என்று பேரிடர் ஒத்திகை. இன்று நனைந்த புத்தகப் பயிற்சி ஒன்றை ஓரமாக நின்று பார்த்தேன். யாரும் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. 2022 பிப்ரவரி 28-இல் லிஸ்மோர் ஊரில் ஆறு 14.4 மீட்டர் உயர்ந்தபோது நூலகமும் மூழ்கியது.

சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிதான் பெட்டி. உள்ளே நைட்ரில் கையுறை, பிளாஸ்டிக் விரிப்பு, உறிஞ்சுதாள், பஞ்சு, நூல்நாடா, டார்ச், பென்சில். பேனா கூடாது, மை கரையும். விதி ஒன்றுதான்: 48 மணி நேரம். அதற்குள் உலர வேண்டும் அல்லது உறைய வேண்டும், இல்லையேல் பூஞ்சணம். வழவழப்பான பூச்சுத்தாள் என்றால் அவகாசம் இன்னும் குறைவு, சில மணி நேரம். அது காய்ந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே செங்கல்லாகிவிடும், பிறகு எவராலும் பிரிக்க முடியாது. ஆகவே காயும் முன் உறைவிப்பானுக்கு.

மூடியிருக்கும் ஈரப் புத்தகத்தைத் திறக்காதே, திறந்திருப்பதை மூடாதே. பெட்டியில் முதுகு கீழே வரும்படி ஒரே வரிசை. கால் பங்கு இடம் காலியாக விட வேண்டும், நனைந்த காகிதம் உப்பும். இறுக்கி அடுக்கினால் கட்டு உடையும். மைனஸ் 18 பாகைக்கும் கீழே உறையவைத்துவிட்டால் அவசரம் தீர்ந்தது, வெற்றிடக் கலத்தில் பனி நேராக ஆவியாகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கலாம். கண்ணாடித் தகட்டுப் புகைப்படங்களை மட்டும் உறையவிடக் கூடாது. பயிற்சியில் ஒருவர் ஆர்வமாக ஹேர் டிரையரை எடுத்தார். சூடு பட்ட பக்கம் சுருண்டு, முதுகுப் பசை இளகி, ஐந்தே நிமிடத்தில் புத்தகம் இரண்டாயிற்று. எல்லோரும் சிரித்தோம். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

மே 22, புதன் – கான்பரா

இன்று தேசிய ஒருங்குநேரக் கதை வாசிப்பு. ஆலியா ஆண்டுக்கு ஓர் ஆஸ்திரேலியப் படப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். நாடு முழுக்க நூலகத்திலும் பள்ளியிலும் ஒரே நேரத்தில் அதை வாசிப்பார்கள். கடிகாரம் மட்டும் கிழக்கில் ஒன்று, அடிலெய்டில் ஒன்று, பெர்த்தில் ஒன்று. இந்த முறை, நீலப் பொருளாகத் தேடிச் சேர்த்துத் தன் குச்சிப் பந்தலை அலங்கரிக்கும் ‘பவர்’ (bower) பறவையின் கதை. கடலோரத்தில் அதற்குக் கிடைப்பதில் பாதி பிளாஸ்டிக் மூடி.

கிளை நூலகத்தில் அறுபது குழந்தைகளாவது இருப்பார்கள். வாசித்தவர் புத்தகத்தைத் தோளுயரத்தில் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டார், தன் கண்ணுக்குச் சாய்வாகத்தான் தெரிந்தும் ஒரு சொல் தடுமாறவில்லை. முந்தின நாளே மனப்பாடம் செய்துவிடுவாராம். பக்கத்தைப் புரட்டியபின் மூன்று எண்ணிக்கை அளவு நிறுத்தம், படம் பார்க்க. பக்கத்தில் ஒருவர் ஆஸ்லன் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் காட்சிக்கு வைத்திருந்த பிரதிகளுக்குப் போட்டி. நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சிறுமி பறவைப் புத்தகத்தையும் இன்னொரு படப் புத்தகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரவல் இயந்திரத்தில் வைத்தாள். திரையில் ஒரு தலைப்புதான் வந்தது. அவள் பார்க்கவில்லை, இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வாசல் அலறியது. ஊழியர் வந்தார், இரண்டையும் வாங்கிப் பிரித்து, பக்கம் பக்கமாக வைத்தார், பதிவாயிற்று. சிறுமி வெளியே போனாள், திரும்பி வந்தாள். “மறுபடியும் அந்தச் சத்தம் வருமா?” என்று கேட்டாள்.